நிலவுக்குப் போகத் தகுந்த கிழவிகள்

நிலவுக்குப் பயணம் போக மிகவும் ஏற்றவர்கள் வற்றி உலர்ந்த கிழவிகள்தாம் என்று ஒரு வானியலாளர் எழுதிவைத்திருக்கிறார். சிறுவயது முதலே இரவு நேரங்களில் ஆட்டுக்கடாவின் மீதும் கவைக்கோலின் மீதும் ஏறி, கந்தல் போர்வையோடு பூமியின் நெடுந்தொலைவுகளைக் கடந்து பழகியவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்தப் பயணம் சிரமமாக இராது என்பது அவர் தரும் காரணம். எழுதியவர் யோகான்னஸ் கெப்ளர். கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டறிந்த அதே கெப்ளர்தான். 'சோம்னியம்' என்ற அந்த லத்தீன் நூலின் பெயருக்குக் 'கனவு' என்று பொருள். 1609இல் எழுதிய கதைக்குப் பின்னாளில் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1634இல்தான் அது அச்சில் வந்தது.

முதுகலை மாணவிகளுக்கு அறிவியல் புனைவு பற்றி இரண்டு வகுப்புகள் எடுக்க வேண்டியிருந்தபோதுதான் இந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நான் படித்தேன். விண்கலங்களை முன்னோர்கள் எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று சொல்லும் நூல்கள் பெரும்பாலும் கெப்ளரில் தொடங்குகின்றன. ஒரு பத்தியில் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு, அடுத்த பத்தியில் ஜூல் வெர்னின் பீரங்கிக்குப் போய்விடுகின்றன. கிழவிகள் பற்றிய வரி ஒரு வேடிக்கைத் துணுக்காக வந்து போகும். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு கற்பனை ஊர்தியைப் பார்க்கும்போது அது எவ்வளவு வேகம், என்ன எரிபொருள் என்று கேட்பது பொறியாளர் வேலை. அதன் இருக்கை யாருடைய உடலை அளந்து செய்யப்பட்டது, யார் அதைத் தள்ளிவிட்டுக் கீழேயே நின்றார்கள் என்று கேட்பது நம் வேலை.

'சோம்னியம்' கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தில் ஃபியோல்க்ஸ்ஹில்டே என்றொரு பெண். மீனவக் கணவன் இறந்துவிட்டான். ஒரே மகன் டுராகோட்டஸ். ஹெக்லா எரிமலைச் சரிவில் மூலிகை பறித்து, சடங்குகளோடு சமைத்து, ஆட்டுத்தோல் பைகளில் அடைத்து, துறைமுகத்தில் மாலுமிகளுக்கு விற்றுப் பிழைக்கிறாள். ஒருநாள் மகன் ஆவல் தாங்காமல் ஒரு பையைக் கிழித்துப் பார்த்துவிடுகிறான். விற்ற பண்டம் பாழான கோபத்தில், பைக்குப் பதிலாக மகனையே கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறாள். அவன் போய்ச் சேர்ந்த இடம் ஹ்வேன் தீவு. அங்கே டைகோ பிராஹேயிடம் வானியல் கற்கிறான். ஐந்தாண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். தாய்க்குப் பெருமகிழ்ச்சி. அவன் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, தனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் தன் ரகசியத்தைத் திறக்கிறாள். ஆவிகளின் துணையோடு அவளும் தொலைதூரங்களுக்குப் போய் வந்தவள். தன் அறிவை மகனிடம் ஒப்படைத்துவிட்டால் நிம்மதியாகச் சாகலாம் என்கிறாள். நிலவுலகை அறிந்த ஓர் ஆவியை அவளே அழைக்கிறாள். தாயும் மகனும் தலையை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள். ஆவி பேசத் தொடங்குகிறது.

அந்த ஆவி சொல்லும் பயணத்தில் கலம் என்று ஒன்று கிடையாது. உடல்தான் கலம். தூரம் 50,000 ஜெர்மன் மைல். கிரகணத்தின் நிழல் வழியாக அதிகபட்சம் 4 மணி நேரத்தில் கடந்தாக வேண்டும். கிளம்பும் கணத்தில் வெடிமருந்தால் தூக்கி எறியப்பட்டது போல ஓர் அதிர்ச்சி உண்டு. அதனால் பயணியை மயக்க மருந்து கொடுத்து உறங்க வைத்து, உறுப்புகள் தெறித்துப் போகாதபடி கைகால்களை ஒழுங்குபடுத்திக் கிடத்த வேண்டும். அப்புறம் கடுங்குளிரும் மூச்சுத்திணறலும். மூக்கருகே ஈரப் பஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கி கண்டுபிடித்த காலத்திலேயே ஒருவர் முடுக்கத்தையும் காற்றின்மையையும் இப்படி யோசித்திருக்கிறார் என்பது வியப்புதான். இந்த வியப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

யாரை ஏற்றுவது என்று ஆவி வைத்திருக்கும் பட்டியல்தான் எனக்கு முக்கியம். உட்கார்ந்தே காலம் கழித்தவர்கள், பருத்தவர்கள், சொகுசுக்காரர்கள் வேண்டாம். ஜெர்மானியர்கள் தேறமாட்டார்கள். (தன் சனங்களையே கிண்டல் செய்கிறார்.) குதிரை முதுகிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள், கடற்பயணத்தில் காய்ந்த ரொட்டியும் பூண்டும் கருவாடும் தின்று பழகியவர்கள் சரி. எல்லோரிலும் சிறந்தவர்கள் அந்தக் கிழவிகள். பிள்ளை பெறும் வயது முடிந்து, ஆணின் பார்வைக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்ணுடல் இந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வருகிறது. நம் மரபில் இதற்கு ஈடாக எனக்குக் காரைக்கால் அம்மையார்தான் நினைவுக்கு வருகிறார். தசை வற்றிய பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கைலாயத்துக்குத் தலையால் நடந்து போனவர். வற்றிய பெண்ணுக்குத்தான் மேலே போகும் வழி திறக்கிறது என்ற கற்பனை இரண்டு இடங்களிலும் இருக்கிறது. இதைக் கொண்டாடுவதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெண்ணுடல் தன் பெண்மையைத் தொலைத்த பிறகே தகுதி பெறுகிறது என்றும் இதைப் படிக்க முடியும்.

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டின் மீதும் கவைக்கோலின் மீதும் ஏறிப் பறக்கும் கிழவி கெப்ளரின் சொந்தக் கற்பனை அல்ல. ஐரோப்பாவின் சூனியக்காரி வழக்குகளில் நீதிபதிகளும் பாதிரிகளும் எழுதிவைத்த குற்றப்பத்திரிகை வாசகம் அது. அந்தப் படிமத்துக்காகப் பெண்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் கெப்ளர் அதை நகைச்சுவையாகக் கையாண்டார். சில ஆண்டுகளில் அந்த நகைச்சுவை அவர் வீட்டு வாசலுக்கே வந்தது.

கெப்ளரின் தாய் காத்தரீனா, லியோன்பெர்க் என்ற சிற்றூரில் வாழ்ந்த விதவை. மூலிகை தெரிந்தவர். 1615இல் ஊர்க்காரப் பெண்ணொருத்தி, காத்தரீனா கொடுத்த கசப்புப் பானத்தைக் குடித்துத்தான் தனக்கு நோய் வந்தது என்று குற்றம் சாட்டினார். பகை வளர்ந்தது, சாட்சிகள் பெருகினர். தன் தந்தையின் மண்டையோட்டைத் தோண்டியெடுத்து மகனுக்கு ஒரு கிண்ணம் செய்து தரலாமா என்று வெட்டியானிடம் அவர் கேட்டது உண்மை. அதுவும் குற்றமாகச் சேர்ந்தது. 1620 ஆகஸ்டில், மகள் வீட்டில் தங்கியிருந்த அந்த எழுபது தாண்டிய மூதாட்டியை விடிவதற்கு முன்பே, ஒரு பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். 14 மாதங்கள் சங்கிலியில் கிடந்தார். கெப்ளர் தன் வேலையையெல்லாம் விட்டுவிட்டு வந்து, சட்ட நுணுக்கத்தோடு எதிர்வாதம் எழுதினார். 1621 செப்டம்பரில் சித்திரவதைக் கருவிகளைக் கண்முன் காட்டி ஒப்புக்கொள்ளச் சொன்னபோதும் காத்தரீனா ஒப்புக்கொள்ளவில்லை. விடுதலையானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்தார்.

பெட்டிக்குள் வைத்து இரவில் தூக்கிச் செல்லப்பட்ட கிழவி. கற்பனையில் நிலவுக்குப் போன கிழவிகளுக்கு நிஜத்தில் கிடைத்த ஊர்தி அதுதான்.

தன் கதையின் கையெழுத்துப்படி ஒன்று 1611 வாக்கில் வெளியே போய், முடிதிருத்தும் கடைகளில்கூடப் பேசப்பட்டு, ஃபியோல்க்ஸ்ஹில்டே என்பவள் தன் தாய்தான் என்று ஊர் நம்பக் காரணமாகிவிட்டது என்று கெப்ளரே பின்னாளில் ஒரு குறிப்பில் எழுதினார். இதை வைத்துக்கொண்டு, உலகின் முதல் அறிவியல் புனைகதை ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பியது என்று பலர் எழுதுகிறார்கள். இந்த வழக்கை விரிவாக ஆராய்ந்த உலிங்கா ரூப்லாக் போன்ற வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஊர்ப்பகையும், அதிகாரி ஒருவரின் வன்மமும், விதவைகள் மீது சமூகம் வைத்திருந்த சந்தேகமுமே போதுமான காரணங்களாக இருந்தன. மகன் எழுதிய லத்தீன் கதை தேவைப்படவில்லை. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. எழுத்தாளர்களாகிய நமக்கு நம் எழுத்தின் ஆற்றலைப் பற்றிக் குற்றவுணர்வின் வழியாகவேனும் பெருமைப்பட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு.

கெப்ளரின் வேறொரு குறிப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்தக் கதையில் வரும் தாய் யாரைக் குறிக்கிறாள் என்று விளக்குகிறார். கல்லாத அனுபவம், அறியாமை. அவள்தான் தாய். அவள் பெற்ற பிள்ளை அறிவியல். தாய் உயிரோடு இருக்கும்வரை பிள்ளை விஷயங்களின் மறைபொருளை வெளியே சொல்லுவது நல்லதல்ல என்கிறார். கதையிலும் டுராகோட்டஸ், தாய் அண்மையில் இறந்ததால்தான் இதையெல்லாம் எழுதும் சுதந்திரம் கிடைத்தது என்றே தொடங்குகிறான். கதைக்குள் ஃபியோல்க்ஸ்ஹில்டேக்கு வானம் தெரியும். மகன் படித்து வந்ததைச் சரிபார்க்கும் இடத்தில் அவள் இருக்கிறாள். அவள் அழைக்காவிட்டால் ஆவி வராது, கதையே இல்லை. ஆனால் விளக்கம் எழுதும்போது அவள் அறியாமை ஆகிவிடுகிறாள். புனைவு பெண்ணுக்குக் கொடுத்ததை உரை திரும்ப வாங்கிக்கொள்கிறது. உரைமரபில் ஊறிய தமிழ்த்துறைக்காரிக்கு இது புதிதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. 'எழுத்தறியா என் தாய்க்கு' என்று அதில் படையல் எழுதியிருந்தேன். எழுதும்போது கண்ணீர்கூட வந்தது. என் அம்மா தேரிக்காட்டுப் பக்கத்துப் பனையோலைத் தொழிலாளி. கடகமும் கொட்டானும் முடைந்து என்னைப் படிக்க வைத்தவர். ஆய்வேட்டை ஊருக்குக் கொண்டுபோனபோது அண்ணன் மகள் அந்த வரியை வாசித்துக் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "எழுத்துத் தெரியாதுன்னு போட்டிருக்க. ஓலை எண்ணத் தெரியும்னு போடலியாட்டி?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சாயம் ஏற்றிய ஓலையில் பூ விழ வேண்டுமென்றால் எத்தனையாவது ஓலையை மேலே எடுக்க வேண்டும், எதைக் கீழே விட வேண்டும் என்று அவர் மனத்துக்குள் வைத்திருந்த கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஓர் ஓலை தப்பினால் வரிசை முழுவதையும் பிரிக்க வேண்டும். கெப்ளரைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வகுப்பில் சீவக சிந்தாமணி நடத்தும்போது ஒரு கேள்வி கேட்பேன். மயிற்பொறியை ஓட்டியது யார்? சச்சந்தன் என்று சொல்வார்கள். சீவகன் என்றும் சொல்வார்கள். அரசன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்வித்தான், கருவுற்ற விசயையை அதில் ஏற்றி அனுப்பினான் என்றுதான் பாடக்குறிப்புகள் சுருக்குகின்றன. 'ஏற்றி அனுப்பினான்' என்ற வினையில் அவள் ஒரு மூட்டையாகிவிடுகிறாள். திருத்தக்கதேவரின் பாட்டிலோ பொறியை வலப்பக்கம் திரித்தால் மேகத்தைக் கிழித்து எழும்பவும், இடப்பக்கம் திரித்தால் தரையில் இறங்கவும் செய்கிறவை விசயையின் விரல்கள். இசைக்குப் பழகிய விரல்கள் என்ற அடையோடு அவை வருகின்றன. கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கும்போதுதான் மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. ஓட்டுபவள் நினைவிழந்தால் ஊர்தி இறங்கிவிடும் என்று காட்சி அமைத்த புலவர், ஓட்டியது அவள்தான் என்பதில் நமக்குச் சந்தேகமே வைக்கவில்லை. (இதைச் சொன்னதும், தமிழர்கள் அன்றே விமானம் செய்தார்கள் என்று எழுந்து நிற்பவர்கள் ஒவ்வொரு கருத்தரங்கிலும் உண்டு. புறநானூற்றில் ஓட்டுநர் இல்லாமல் செல்லும் வான ஊர்தி வருவதையும் கையோடு கொண்டுவருவார்கள். அந்த ஊர்தி, புலவர் பாடிய புகழாளர்கள் செத்தபின் ஏறிப்போவது. ஒரு கற்பனையைக் கற்பனையாக மதிக்கத் தெரியாத பெருமை அது. அதோடு வாதிட்டு வகுப்பு நேரத்தை வீணாக்க விரும்புவதில்லை.)

ஜூல் வெர்னுக்கு வந்தால் ஊர்தி முழுமையாகப் பீரங்கிக்குண்டாகிவிடுகிறது. 'பூமியிலிருந்து நிலவுக்கு' 1865இல் வந்தது, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு. போர் ஓய்ந்ததால் வேலையற்றுப்போன பீரங்கி நிபுணர்கள், கையோ காலோ இழந்தவர்கள், ஒரு சங்கமாகக் கூடி நிலவைச் சுடத் தீர்மானிக்கிறார்கள். ஃபுளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியை மண்ணுக்குள் வார்க்கிறார்கள். அலுமினியக் குண்டு, உள்ளே மெத்தை, அதிர்வு தாங்கத் தண்ணீர்ப் படுகை. பயணிகள் மூன்று ஆண்கள், இரண்டு நாய்கள், சில கோழிகள். பெண்ணுக்கு இடமில்லை. பயணி மிஷேல் ஆர்தானை மணந்துகொள்ள ஆசைப்பட்டுப் பெண்கள் கூட்டம் வருகிறது. ஏவாளின் மகளோடு மேலே போய் ஆதாமாக இருந்தால் பாம்புகளும் வந்துசேரும் என்று அவன் சிரித்து மறுக்கிறான். வெர்னின் பகடி இராணுவ வெறியைக் கூர்மையாகக் குத்துகிறது என்பதை மறுக்கவில்லை. நிலவைப் பெண்ணாகவும், சென்றடைவதைச் சுடுவதாகவும், பெண்ணைப் பார்வையாளராகவும் வைத்த அந்த அமைப்பு மட்டும் பகடிக்குள் அகப்படாமல் தப்பிவிட்டது.

இதே சங்கத்தை வைத்து 1889இல் வெர்ன் எழுதிய மூன்றாவது நாவல், பெண்ணால் கணிதத்தில் முன்னேற முடியுமா என்ற பேச்சில்தான் தொடங்குகிறது. முடியாது என்கிறான் கணக்கன் மாஸ்டன். பூமியின் அச்சையே பீரங்கி சுட்டு நிமிர்த்தத் திட்டம். மாஸ்டன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவனைக் காதலிக்கும் பணக்காரக் கைம்பெண் ஸ்கார்பிட் தொலைபேசியில் அழைக்கிறாள், மின்னல் தாக்குகிறது, கரும்பலகை சாய்கிறது, மூன்று சுழியங்கள் அழிந்துபோகின்றன. கணக்கு தப்பி, உலகம் பிழைக்கிறது. ஒரு பெண் குறுக்கிட்டதால் உலகம் காப்பாற்றப்பட்டது என்று சிரிப்பதா, பெண் என்றாலே குறுக்கீடு என்று வைத்ததற்குக் கோபிப்பதா? என் மாணவிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மணிநேரம் சண்டை போட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

1929இல் பெர்லினில் வெளியான 'நிலவில் பெண்' படத்தில் ஒருவழியாகப் பெண் ஏறிவிட்டாள். இயக்கம் ஃபிரிட்ஸ் லாங். கதையும் திரைக்கதையும் தேயா ஃபொன் ஹார்பூ என்ற பெண்ணுடையவை. ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபர்த் ஆலோசகர். அடுக்கு ராக்கெட், ஏவும்போது எண்களைத் தலைகீழாக எண்ணி வருவது எல்லாம் இந்தப் படத்தில் உண்டு. இன்று தொலைக்காட்சியில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் அந்த எண்ணிக்கை ஒரு திரைப்படம் உண்டாக்கிய பதற்றம். ஃப்ரீடே என்ற வானியல் மாணவி கையில் படக்கருவியோடு போகிறாள். ஆக்சிஜன் போதாமல் ஒருவர் நிலவில் தங்க வேண்டிவரும்போது, தங்கும் ஆணுக்காகத் தானும் தங்கிவிடுகிறாள். பெண்ணை ஏற்றிய முதல் பெரிய ராக்கெட் கற்பனை அவளைக் காதலியாக்கி அங்கேயே இறக்கிவிட்டு வந்துவிட்டது. அதோடு முடியவில்லை. 1942 அக்டோபரில் பீனமுண்டேயிலிருந்து வெற்றிகரமாகப் பறந்த முதல் வி-2 ஏவுகணையின் அடிப்பகுதியில் இந்தப் படத்தின் சின்னம், நிலாப்பிறையில் அமர்ந்த பெண், தீட்டப்பட்டிருந்தது. அந்த ஏவுகணைகளைச் செய்யக் கைதிகளை நிலத்தடிச் சுரங்கங்களில் அடிமைகளாக வேலைவாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே செத்தார்கள். ஹார்பூ நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பெண் எழுதினாள் என்பதற்காக மட்டும் ஒரு கனவு பெண்ணுக்கானதாகிவிடாது என்பதற்கு இவரைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

லாங்கின் படத்துக்கு 24 ஆண்டுகள் முன்பே, பாகல்பூரில் ஒரு பெண் வேறுவிதமான ஊர்தியைச் செய்துவிட்டிருந்தார். ரொக்கேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் மதராஸில் கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வந்தது. துணை மாஜிஸ்திரேட்டான கணவர் முகாமுக்குப் போயிருந்த நாட்களில் பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதியது. திரும்பிவந்த கணவர் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். கெப்ளரைப் போலவே இவரும் கனவு என்றே பெயர் வைத்தார். பெண்கள் நாடு அது. ஆண்கள் அந்தப்புரத்தில். அங்கே சாரா சகோதரி ஒரு சதுரப் பலகையில் இரண்டு இருக்கைகளைத் திருகிப் பொருத்துகிறாள். ஹைட்ரஜன் நிரப்பிய இரண்டு வழவழப்பான பந்துகளை இணைக்கிறாள். ஏறுபவரின் எடைக்கேற்ப வெவ்வேறு கொள்ளளவுப் பந்துகள் உண்டு. மின்சாரத்தால் சுழலும் சிறகுகள். அவ்வளவுதான், கிளம்பிவிடுகிறார்கள்.

அந்தப் பந்துகள் பற்றிய தகவலைக் கவனியுங்கள். உடலுக்கேற்ப ஊர்தியை மாற்றுகிறார் ரொக்கேயா. கெப்ளரின் ஆவி ஊர்திக்கேற்ற உடலைத் தேடியது. அதற்குப் பிறகு வந்த நிஜ விண்வெளித் திட்டங்களும் பெரும்பாலும் அதையே செய்தன. 1963இல் வலென்தினா தெரெஷ்கோவா தனியாக 48 முறை பூமியைச் சுற்றிவந்த பிறகும், அமெரிக்கா ஒரு பெண்ணை அனுப்ப 1983 வரை எடுத்துக்கொண்டது. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்வெளியில் நடக்கத் திட்டமிட்டபோது, இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு மேலுடை ஒன்றுதான் தயாராக இருந்தது என்று ஆளை மாற்றினார்கள். அந்த நடை அக்டோபரில்தான் நடந்தது. நூறு வருடங்களுக்கு முன் பர்தாவுக்குள் இருந்த ஒருவருக்கு, இரண்டு பேர் ஏறினால் இரண்டு அளவு வேண்டும் என்பது தோன்றியிருக்கிறது.

ரொக்கேயாவின் ஊர்தி எங்கும் போய் எதையும் பிடிப்பதில்லை. ஒரு தோட்டத்துக்குப் போகிறது. அந்த நாட்டின் அரசி அடுத்தவர் நிலத்துக்கு ஆசைப்படுவதில்லை. சூரிய வெப்பத்தில் சமையல், புகையில்லாத அடுக்களை. விண்ணூர்தியையும் அடுப்பையும் ஒரே மூச்சில் யோசித்த வேறு பழைய பிரதியை நான் படித்ததில்லை. குறையும் இருக்கிறது. பந்துகளை மெருகேற்றியது யார், பலகை அறுத்தது யார் என்று கதை சொல்வதில்லை. ஆண்களை அடுக்களைக்குள் அனுப்பியதோடு உழைப்பின் கேள்வி தீர்ந்துவிட்டதாக அது நம்புகிறது. மேல்தட்டு முஸ்லிம் குடும்பத்து அந்தப்புரத்திலிருந்து பார்த்தால் தெரிந்த வானம் அது. எங்கள் தேரிக்காட்டிலிருந்து பார்த்தால் வேலைக்காரிகள் தெரிவார்கள்.

நிஜ நிலவுப் பயணத்தில் அந்த வேலைக்காரிகள் இருந்தார்கள். அப்பல்லோ கலத்தின் வழிகாட்டுக் கணினியின் நிலை நினைவகம் கையால் பின்னப்பட்டது. மாசசூசெட்ஸின் வால்தம் நகரத்து ரேத்தியான் ஆலையில், நெசவாலைகளிலும் கடிகாரத் தொழிலிலும் பழகிய பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஊசியில் கோத்த செம்புக் கம்பியைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே முன்னும் பின்னும் கடத்தினார்கள். வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று. வெளியே சுற்றிப் போனால் சுழியம். நிலவில் இறங்குவதற்கான நிரல் முழுவதும் இப்படி உள்ளே, வெளியே என்று முடையப்பட்டது. ஒரு கம்பி தப்பினால் கணினி தப்பாகவே நினைவு வைத்துக்கொள்ளும். பொறியாளர்கள் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயர், குட்டிக் கிழவிகள் நினைவகம். ஒவ்வொரு நிரலும் பின்னலுக்குப் போகும்வரை அதற்குப் பொறுப்பானவருக்கு 'கயிற்றுத் தாய்' என்று பெயர். அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது தனிக் கதை.

குட்டிக் கிழவிகள் என்ற பெயரைப் படித்த அன்று நான் கெப்ளரின் ஆவியை நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தொலைபேசியில் இந்தப் பின்னலை விளக்க முயன்றேன். உள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் ஒன்றுமில்லை என்றேன். "அப்பம் பெட்டிதான்" என்றார். பிறகு, ஒருத்தி எத்தனை நாளில் ஒன்று முடிப்பாள், கூலி எவ்வளவு என்று கேட்டார். கூலி பற்றி நான் படித்த எந்த நூலும் பேசவில்லை.

'சோம்னியம்' அச்சேறிய கதையிலும் இப்படியொரு பெண் இருக்கிறார். கெப்ளர் இறந்தபின் மருமகன் அச்சு வேலையை ஏற்றார், அவரும் இறந்தார். கெப்ளரின் மனைவி சூசன்னா, பாதி அச்சான தாள்களைத் தூக்கிக்கொண்டு, கையில் காசில்லாமல், கணவரின் மூத்த தாரத்து மகன் லுட்விக்கிடம் வந்து நின்றார். அவர் வந்திராவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

கதையின் முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. ஆவி நிலவின் நீண்ட பகலையும் நீண்ட இரவையும், அங்கிருந்து பார்த்தால் பூமி ஒரே இடத்தில் நின்று சுழல்வதையும், அங்குள்ள உயிர்களையும் பக்கம் பக்கமாக விவரிக்கிறது. நடுவில் காற்றும் மழையும் அடிக்கின்றன. கனவு கண்டவர் விழித்துக்கொள்கிறார். பார்த்தால், அவர் தலையைத் தலையணை மூடியிருக்கிறது, உடலைக் கம்பளி மூடியிருக்கிறது. அத்தோடு நூல் நின்றுவிடுகிறது. ஆவி சொன்னது சரியா, தான் பார்த்ததும் இதுதானா என்று ஃபியோல்க்ஸ்ஹில்டேயிடம் யாரும் கேட்கவில்லை. ஐஸ்லாந்தில் மகனின் பக்கத்தில், தலையை மூடியபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள்.